மூன்று ஊரைச் சுற்றிய பிடி

வாயைத் திறக்கக்கூடாது, அவ்வளவுதான். பொழுது கிளம்பினதிலிருந்து கண்டியன் அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு நங்கையின் கழுத்தில் உட்கார்ந்திருந்தான். நங்கை அரையர் வீட்டுப் பிடி, பெண்யானை, முப்பது வருசமாக அவன் கையில் தின்று வளர்ந்தவள். இன்றைக்கு அவள் சுற்றிவருகிற மண்ணெல்லாம் சாயங்காலம் மேற்கத்தி ராயனுக்குப் போய்விடும். ஆலத்தூர், புன்னைக்குடி, மேலப்பாதி, ஆற்றுக்கு மேற்கே மூன்று ஊர். படையெடுத்து வராதே, இதை எடுத்துக்கொள் என்று அரையர் கொடுப்பது. கொடுக்கிற மண்ணைப் பிடி சுற்றிவர வேண்டும், அவள் கால் பட்ட தடம்தான் எல்லை, பின்னாலேயே ஆள் வந்து கல்லை நட்டுக் கள்ளியைப் பதிப்பான், அது பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். சுற்றி முடிகிறவரை பாகன் பேசக்கூடாது, அதுவும் வழக்கம். ஒரு சொல் விழுந்தால் நடை முறிந்தது, கொடுத்தது கொடுத்ததாகாது. வாயால் சொல்லி நடத்தினால் அது மனுசன் போட்ட எல்லையாம், காதுக்குப் பின்னால் கால்விரலால் சொல்லி நடத்தினால் பிடி போட்ட எல்லையாம். எந்தப் புண்ணியவான் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தானோ, அவன் ஒருநாளும் யானைமேல் ஏறியிருக்க மாட்டான். நங்கைக்கு அவன் குரல் இல்லாமல் நடந்து பழக்கமில்லை. கொட்டிலிலிருந்து குளத்துக்குப் போவதற்குள் ஊர்க்கதை முழுக்க அவளிடம் சொல்லித் தீர்க்கிறவன் அவன். பத்தடிக்கு ஒருதரம் காதை விரித்து, என்னடா ஊமையாய்ப் போனாய் என்று கேட்கிறமாதிரி நிதானித்தாள். இரு தாயி, சாயங்காலம் பேசுவோம் என்று நாக்கின் நுனிவரை வந்தது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைத்துக்கொண்டான். ஒட்டி வைத்த நாக்கு கொஞ்ச நேரத்தில் தன்னுடையது மாதிரியே இல்லை, வாய்க்குள் யாரோ ஒரு செருப்புத்துண்டைப் போட்டுவிட்டுப் போனமாதிரி இருந்தது.

கீழே மூன்று பேர் முக்கியமானவர்கள் நடந்தார்கள். அரையருடைய மந்திரி மாதவர், எழுபதைத் தாண்டினவர், கொடுக்கிற மண்ணை நடந்தே கொடுக்கிறேன் என்று பல்லக்கு வேண்டாமென்றுவிட்டார். ஓலைக்காரர் அரங்கன், கிழக்கே புளியமரம் தெற்கே வாய்க்கால் என்று முனகிக்கொண்டே எழுதுகிறவர். மூன்றாவது, ராயனுடைய படைத்தலைவன் வல்லபன், முப்பது வயசு இருக்கும், மாப்பிள்ளை மாதிரி நெற்றியில் சந்தனம். இரண்டு பக்கத்துக்கும் பத்துப் பத்து வேல்காரர்கள், நடுவில் ஒரு பறை. வல்லபன் ஆற்றையும் பார்க்கவில்லை, வயலையும் பார்க்கவில்லை, கண்டியனுடைய உதட்டைப் பார்த்தான். காலையில் பிடாரி கோயில் முக்கில் புழுதி பறந்து கண்டியனுக்கு இருமல் வந்துவிட்டது, அடக்க அடக்க வந்துவிட்டது. வல்லபன் கையைத் தூக்கிப் பறையை நிறுத்தினான். "பாகன் சத்தம் போட்டான்." "இருமல்" என்றார் அரங்கன். "இருமலா, சாடையா?" "இருமலுக்கு எழுத்துக் கிடையாது. என்னாலே எழுத முடிஞ்சால்தான் அது பேச்சு." "உமக்கு எழுத வராததெல்லாம் பேச்சில்லையா?" மாதவர் நடுவே புகுந்து, "நீயும் ஒரு தடவை இருமிக்கொள், தம்பி. சரிக்குச் சரியாப் போகும்" என்றார். வேல்காரர்கள் சிரித்தார்கள், ராயன் பக்கத்துக்காரர்களும்தான். வல்லபன் சிரிக்கவில்லை. "வழக்கம்னா வழக்கம். ஒரு சொல் விழுந்தாலும் நடையை ஒத்துக்க மாட்டேன். நாளைக்கு முதல்லேருந்து நடக்கணும், குற்றம் உங்க பக்கம்" என்றான். கண்டியனுக்கு முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கினது. இருமல் ஒன்று இன்னும் தொண்டைக்குள் உட்கார்ந்திருந்தது, வரட்டுமா வரட்டுமா என்று கேட்டுக்கொண்டு.

பேசாமல் இருக்கிறவனுக்குக் காது பெரிதாகிவிடும் போலிருக்கிறது. நங்கையின் கால்சங்கிலி ஒவ்வொரு அடிக்கும் கிணுங்கினது, அந்தச் சத்தம் அவனை இழுத்துக்கொண்டு போய் அண்ணன் உடையானிடம் விட்டது. வேண்டாம், அங்கே போகாதே என்று புத்தியைத் திருப்பினான், வலதுபக்கம் வாய்க்கால், நாற்று நட்டு எழுந்து கதிர் பிடித்த நெல், கொக்கு, ஆனாலும் சங்கிலி கிணுங்கினது. அண்ணனுக்குக் கொடுத்தது பட்டவர்த்தனன் என்கிற கொம்பன். மதம் பிடித்த காலத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். சங்கிலியை உலுக்கும், அண்ணன் ஒரு கரும்பு போடுவான், அடங்கும். அடுத்த நாள் இரண்டு தரம் உலுக்கும், இரண்டு கரும்பு. அப்பா சொன்னார், உலுக்கினதும் போடாதேடா, அடங்கி நின்னப்புறம் போடு, இல்லாட்டி உலுக்கினாக் கரும்புன்னு அது பாடம் படிச்சுக்கும். அண்ணன் ஒன்றும் முட்டாள் இல்லை. மதம் மூணு மாசம்தானே அப்பா, அதுவரைக்கும் தள்ளிட்டாப் போதும், அப்புறம் தானாத் தணிஞ்சிரும் என்றான். அவன் கணக்கும் கணக்குத்தான். இதையேதான் மாதவரும் சொன்னார். முந்தாநாள் காலையில் கொட்டிலுக்கு அவரே வந்து, நங்கையின் துதிக்கையைத் தடவிக்கொண்டு நின்றார். "இதோட ராயனுக்குப் பசி அடங்கும்னு நான் நம்பலை, கண்டியா. போன வருசம் உப்பளத்தைக் கொடுத்தோம், அடங்கிச்சா? நெல்லு வயல்லே நிக்குது. அறுத்துக் கோட்டைக்குள்ளே சேர்க்க ஒரு மாசம் வேணும். மூணு ஊரைக் கொடுத்து ஒரு மாசம் வாங்குறேன்." கண்டியன், "எங்க மக பிச்சி ஆலத்தூர்லே இருக்காளே, ஐயா. எட்டு மாசம். பேறுகாலத்துக்குக் கூட்டிக்கிட்டு வந்திடறேனே" என்றான். "முடியாது. குடியோட கொடுக்கிறோம். நடை முடியறவரைக்கும் ஒரு குடி நகரக்கூடாது, ஒரு மாடு நகரக்கூடாதுன்னு நிபந்தனை. முடிஞ்சப்புறம் அவங்ககிட்டே கேட்டுக் கூட்டிக்கலாம். சனத்தைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கான்." "ராயன் சத்தியமா?" "ராயன் சத்தியம்தான்" என்றார் மாதவர், நங்கையின் கண்ணைப் பார்த்துக்கொண்டு. அவன் கண்ணைப் பார்க்கவில்லை. அப்போது ஒன்றும் தோன்றவில்லை, இப்போது கழுத்தின்மேல் உட்கார்ந்திருக்கையில் அது பெரிதாகத் தெரிந்தது. ஒரு மாசம். நெல்லுக்கு ஒரு மாசம், மதத்துக்கு மூணு மாசம், பிச்சிக்கு இன்னும் ஒரு மாசம். எல்லாருக்கும் கொஞ்ச நாள்தான் வேண்டியிருக்கிறது.

ஆலத்தூர் வடக்குத் தெரு வழியாகத்தான் நடை. வெயில் ஏறிவிட்டது. தெரு முழுக்க ஆள், ஆனால் திருவிழாக் கூட்டம்போல இல்லை, சாவு வீட்டுக் கூட்டம்போலவும் இல்லை, எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாத கூட்டம். நாலாவது வீட்டு வாசலில் பிச்சி செம்பில் மஞ்சள் தண்ணியோடு நின்றாள். வயிறு கீழே இறங்கியிருந்தது, ஒரு கையை இடுப்பில் முட்டுக்கொடுத்திருந்தாள். போன தடவை பார்த்ததற்கு முகம் வீங்கியிருக்கிறது, கால் வீங்கியிருக்குமோ, சேலை மறைக்கிறது. "அப்பா, கீழே பார்க்கக்கூடாதுன்னும் வழக்கமா?" என்றாள். அவன் பார்த்தான். "அம்மா ஏதாவது சொல்லி அனுப்பிச்சாளா? சொன்னான்னா கண்ணை ஒரு தரம் மூடு." மூடினான். "நல்லதா, கெட்டதா? நல்லதுன்னா ரெண்டு தரம்." இரண்டு தரம் மூடினான். சம்பந்தியம்மாள் உள்ளேயிருந்து, "உங்கப்பா வாயை மூடிக்கிட்டிருந்து இன்னிக்குத்தான் பார்க்கிறேன்டி. மாசத்துக்கு ஒரு ஊரைக் கொடுக்கச் சொல்லு, சம்பந்தி வீடு அமைதியா இருக்கும்" என்றாள். தெருவே ஒரு நிமிசம் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வெட்கப்பட்டதுபோல அடங்கினது. வல்லபன் அவன் உதட்டையே பார்த்தான். பிச்சி குனிய முடியாமல் குனிந்து நங்கையின் காலில் தண்ணியை ஊற்றினாள். நங்கை துதிக்கையை நீட்டி அவள் வயிற்றை மோந்தாள், மோந்துகொண்டே நின்றுவிட்டாள். நிற்காதே, தாயி, நின்ற இடத்தில் கல் நடுவார்கள். விரலை அழுத்தினான். அவள் அசையவில்லை, அவளுக்கு உள்ளேயிருக்கிறது யாரென்று தெரிந்தாக வேண்டும். பின்னால் கல் சுமக்கிறவன் வந்து, வாசற்படிக்கு ஒரு முழம் தள்ளிக் குழி தோண்ட ஆரம்பித்தான். "வாசல்லேயேவா?" என்றாள் பிச்சி அவனிடம். "பிள்ளை நடக்கப் பழகறப்போ தடுக்கி விழுமே." அவன் தலையைத் தூக்காமல், "நான் என்னம்மா செய்யட்டும். யானை நின்னுச்சு" என்றான். அப்புறம் அவள் குரலைத் தாழ்த்தி, சிரிப்பெல்லாம் போய், "சாயங்காலத்துக்கு மேலே உன்னைப் பார்க்க வரணும்னா இவங்ககிட்டேயா கேக்கணும்?" என்றாள். அதற்குக் கண்ணை எத்தனை தரம் மூடுவது. அவன் நேரே பார்த்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் கொடுத்தான், நங்கை கிளம்பினாள்.

ஊர் முடிந்தபிறகும் தெரு முடியவில்லை அவனுக்கு. ஒன்றும் ஆகாது. தாதி இருக்கிறாள், சம்பந்தியம்மாள் வாய்தான் அப்படி, கை நல்ல கை. சத்தியம் பண்ணியிருக்கிறான். பட்டவர்த்தனன் சத்தியம் பண்ணவில்லை, பாவம், யானைக்குச் சத்தியம் ஏது. கரும்பு ஒன்று இரண்டாகி, இரண்டு ஒரு கட்டாகி, அண்ணன் கடைசியில் ஊர் ஊராகப் போய்க் கரும்பு கேட்டான். இன்னும் இருபது நாள்தான், இருபது நாள்தான் என்று கேட்டான். ஒருநாள் கிடைக்கவில்லை. பாதி வாழைத்தண்டை எடுத்துக்கொண்டு போனான், சிரித்துக்கொண்டேதான் போனான். அப்புறம் அவனைப் பாயில் சுருட்டித்தான், வேண்டாம். வெயில். தொடை இரண்டும் யானைக் கழுத்து மயிர் உரசி எரிந்தன. தண்ணீர் குடிக்கலாமா என்றால், வாயைத் திறந்தால் வல்லபன் என்ன சொல்வானோ என்று அதையும் விட்டுவிட்டான். நாலு ஈ சுற்றிவந்தது, உதட்டோரம் உட்கார்ந்தது, ஊதக்கூடப் பயம். உதட்டுக்குள்ளே வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன, சந்தைக்கு ஓட்டின ஆடுமாதிரி, ஒன்று வழி கண்டால் எல்லாம் வந்துவிடும். பிச்சி கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். கேக்க வேண்டாம், தாயி, நான் வந்து கூட்டிக்கறேன் என்று. சாயங்காலம் சொல்லலாம். சாயங்காலம் சொல்ல முடியாது, சாயங்காலம் அவள் அந்தப் பக்கத்துப் பெண். நடை முடிந்தால்தான் பேசலாம், நடை முடிந்தால் பேச அவள் இல்லை. இந்த முடிச்சை எங்கே பிடித்து இழுத்தாலும் இறுகத்தான் செய்தது. அவன் அதை விட்டுவிட்டுக் கொக்கை எண்ணினான்.

ஆறு தெரிந்தது. இந்த ஆற்றில் இங்கேயிருந்து கடல்வரை எங்கே இறங்கினாலும் புதைமணல், கல்துறை ஒன்றில்தான் அடியில் பாறை, முழங்கால் தண்ணீர், வண்டி போகும், குதிரை போகும். துறையைத் தாண்டினால் அக்கரை மேடு, மேட்டிலிருந்து அரைக்காதத்தில் அரையருடைய கோட்டை. ஓலைப்படி நங்கை இக்கரையோடு திரும்பித் தெற்கே போகவேண்டும், அதோடு சுற்று முடியும். வல்லபன் முன்னால் வந்து நின்றான். "துறையில் இறக்கச் சொல்லுங்க. அக்கரை மேட்டைச் சுற்றிக்கிட்டுத் திரும்பட்டும்." அரங்கன் ஓலையைப் புரட்டினார். "அது இதுலே இல்லியே." "ஓலையில் இல்லை. இப்போ கேக்கிறேன்." பறை தானாக நின்றுவிட்டது. "துறையைக் கொடுத்துட்டா எங்க வாசல் திறந்து கிடக்கும், தம்பி" என்றார் மாதவர். "சண்டை போடவா போறோம், பெரியவரே? அதுக்குத்தானே இவ்வளவும். ஒரு மேட்டுக்காக முறிச்சுக்கணும்னா முறிச்சுக்குங்க, நான் போய்ச் சொல்லிடறேன்." மாதவர் இந்தப் பக்கத்து வயலைப் பார்த்தார், அந்தப் பக்கத்து வயலைப் பார்த்தார், நெல் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கண்டியனுக்கு அவர் தலையின் உச்சி தெரிந்தது, நரைமயிர் வேர்வையில் ஒட்டி, பச்சைப்பிள்ளைத் தலைமாதிரி. அவர் எண்ணுகிறார் என்று தெரிந்தது. முப்பது நாள், முப்பது நாள். அண்ணனும் இப்படித்தான் தலையைக் குனிந்து நிற்பான். "நடக்கட்டும்" என்றார் மாதவர்.

நங்கை கரையிலிருந்து சரிவில் இறங்கத் திரும்பினாள். அந்தத் திருப்பத்தில்தான் கண்டியன் பார்த்தான். துறைக்கு வடக்கே இக்கரையில் நாணல், ஒன்றரை ஆள் உயரத்துக்கு அடைசலாய், கீழே நிற்கிறவனுக்கு அது நாணல்தான். யானைக் கழுத்திலிருக்கிறவனுக்கு நாணலுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. நாணலை உள்ளே வெட்டித் திடல் பண்ணியிருந்தார்கள். திடலில் முளைகள். முதலில் ஏதோ பாகற்பந்தலுக்கு நட்ட குச்சி என்று நினைத்தான், அப்புறம் முளைக்கு முளை கயிறு கிடந்தது கண்ணில் பட்டது, குதிரைக்குப் பின்னங்கால் கட்டுகிற கயிறு. வரிசை வரிசையாக. ஒரு வரிசையில் நாற்பது. எத்தனை வரிசை என்று எண்ணி இருபதில் விட்டான். இன்னும் அரையருடைய மண், சுற்று முடியவில்லை, அதற்குள்ளே முளை அடித்திருக்கிறார்கள். சரி, ஒரு மாசம் கழித்து வரப்போகிறதற்கு இப்போதே அடித்து வைத்திருக்கலாம், அவசரக்காரர்கள், என்று புத்தி சமாதானம் சொல்லப் பார்த்தது. ஆனால் புல் இருந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் தலைமாட்டில் குவியல் குவியலாகப் புல். முப்பது வருசம் தீனி போட்டவன் கண், அது தானாகவே போய்த் தொட்டுப் பார்த்தது. நுனி துவளாத புல். வெட்டின இடத்தில் இன்னும் ஈரப்பசை மினுங்குகிறது. இன்றைக்குக் காலையில் அறுத்தது. நாளை மத்தியானத்துக்குள் வேகும், மறுநாள் நாறும், எந்த மடையனும் ஒரு மாசத்துக்கு முன்னால் பச்சைப்புல் அறுத்துக் குவிக்க மாட்டான். இன்றைக்கு ராத்திரி. ரொம்பப் போனால் நாளைக்கு. முப்பது நாளும் இல்லை, மூன்று நாளும் இல்லை. மேற்கேயிருந்து குதிரை வருகிறதென்றால் எந்த வழியாக வரும், ஆலத்தூர் வடக்குத் தெரு ஒன்றுதான் வழி, நாலாவது வீடு, வாசலில் கல். எண்ணூறு குதிரைக்கு வழியில் யார் சத்தியத்தை ஞாபகப்படுத்துவார்கள். நங்கையின் முன்னங்கால் தண்ணீரில் பட்டது. பேசினால் முறிந்தது. முறிந்தால் இந்த வல்லபன் வாள் முதலில் அவன்மேல்தான் வரும், அது கிடக்கட்டும். முறிந்தால் போர் இவன் வாயால் வந்தது என்று தலைமுறை தலைமுறையாய்ச் சொல்வார்கள். முறிந்தால் நெல் போயிற்று. முறியாவிட்டாலும் நெல் போயிற்று, அதுவும் துறையும் சேர்ந்து போயிற்று. முறிந்தால் கொடுத்தது கொடுத்ததாகாது. கொடுத்ததாகாவிட்டால் ஆலத்தூர் இன்னும் நம்ம ஊர், ஒரு குடி நகரக்கூடாது என்கிற நிபந்தனையும் இல்லை, பிச்சி இந்த நிமிசம் கிளம்பலாம். இது ஊருக்காகவா, மகளுக்காகவா? அடே, நீ மகளுக்காக ஒரு நாட்டையே, என்று ஒரு குரல். நாடு என்ன, நாலு வயலும் நாலு மகளும்தானே, என்று ஒரு குரல். இரண்டில் எது அவன் குரல் என்று தெரியவில்லை. இரண்டாவது அடி. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இன்னும் பத்தடி வைத்தால் அக்கரை.

"நில்லு, தாயி" என்றான் கண்டியன். காலையிலிருந்து அடைத்துக் கிடந்த குரல், கிழவன் குரல்மாதிரி வந்தது. நங்கை நின்றாள், காதை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டாள். அரங்கனுடைய எழுத்தாணி ஓலைமேல் நின்றது, எழுத வேண்டுமா வேண்டாமா என்று. எல்லாரும் வல்லபனைப் பார்த்தார்கள். அவன் முகத்தில் இரத்தம் ஏறி இறங்கினது. பிறகு மெதுவாகச் சிரித்தான், அன்றைக்கு முதல் தடவையாக. "எனக்கு ஒண்ணும் கேக்கலை" என்றான். "தண்ணிச் சத்தம். யாருக்கும் ஒண்ணும் கேக்கலை. பெரியவரே, நடத்தச் சொல்லுங்க, இன்னும் பத்தடிதானே. அரங்கரே, எழுதாதீங்க." மாதவர் அவனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார், சந்தையில் நல்ல மாட்டை ரொம்பச் சல்லிசாகக் கொடுக்கிறவனைப் பார்க்கிறமாதிரி. அப்புறம் தலையைத் தூக்கினார். "கண்டியா, அங்கேருந்து என்ன தெரியுது?" "நாணலுக்குப் பின்னாடி குதிரை முளை, ஐயா. எண்ணூறுக்குக் குறையாது." "எப்போ அடிச்சதோ, என்னமோ" என்றான் வல்லபன். மாதவர் அவன் பக்கம் திரும்பவில்லை. "புல்லு போட்டிருக்கா?" "போட்டிருக்கு." "எப்படியிருக்கு?" "பச்சை, ஐயா." மாதவர் கண்ணை மூடித் திறந்தார். முப்பது நாளையும் அந்த ஒரு மூச்சில் விட்டுவிட்டார் என்று கண்டியனுக்குத் தெரிந்தது. "நடை முறிஞ்சது. எழுதிக்கொள், அரங்கா. மூணு ஊரும் நம்மது" என்று சொல்லிவிட்டு, வயசுக்குப் பொருந்தாத சத்தத்தில், "வேல்காரங்க துறையிலே நில்லுங்க. கண்டியா, நீ போ. குடியெல்லாம் கிளப்பு" என்றார். வல்லபன் வாளை உருவின சத்தம் கேட்டது, இன்னும் பல வாள் உருவின சத்தமும் கேட்டது, யாருடையது எது என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நங்கை ஒரே சுழலில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு கரையேறினாள். அவளுக்கு எந்த ஊர் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிடி ஓடினால் நிலம் அதிரும் என்பார்கள், அவனுக்கு அதிர்ந்தது நெஞ்சுதான். ஆலத்தூர் இன்னும் ஒரு பனங்கூட்டமாகத்தான் தெரிந்தது, அதற்குப் பின்னால் மேற்கே வானத்தின் ஓரத்தில் மங்கலாக ஏதோ, மேகமோ, புழுதியோ. இத்தனை தூரத்துக்குக் கேட்காது என்று தெரியும். தெரிந்தும் கண்டியன் கழுத்தில் எழுந்து நின்று, தொண்டை கிழியக் கிழிய, "பிச்சி, கிளம்பு, கிளம்பு" என்று கூப்பிட்டுக்கொண்டே போனான்.